மூழ்கிய நகரின் மணியோசை

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ் ஏறிச் சிவனொளிபாதமலை யாத்திரை போனவர்கள், மஸ்கெலியாவை அண்டியதும் மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய நீர்ப்பரப்பைக் கண்டிருப்பீர்கள். அதுதான் மவுசாகலை நீர்த்தேக்கம். மழைக்காலத்தில் அது கண்ணுக்கு விருந்து. தேயிலைச் சரிவுகள் நீரில் தலைகீழாகத் தெரியும். ஆனால் மழை பொய்த்துப்போன ஆண்டுகளில், யாத்திரைக் காலம் முடியுமுன்பே தண்ணீர் கீழே இறங்கிவிடும். கரை படிக்கட்டுப் படிக்கட்டாகச் செம்மண் நிறத்தில் வெளிப்படும். பிறகு, சேற்றுக்குள்ளிருந்து சில சுவர்களும் தூண்களும் எழுந்து நிற்கும். ஒரு கோயில், ஒரு விகாரை, ஒரு பள்ளிவாசல்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை என் பக்கத்தில் நின்ற ஒருவர், "அநுராதபுரத்து இடிபாடு மாதிரியே இருக்கு" என்றார். பார்வைக்கு அவர் சொன்னது சரி. அநுராதபுரத்துக்கு வயது ஈராயிரத்துக்கு மேல். இந்த இடிபாடுகளுக்கு வயது அரை நூற்றாண்டைச் சற்றே தாண்டும். இந்தச் சுவர்களுக்குள் கற்பூரம் காட்டியவர்களும், இந்தக் கடைவீதியில் மூட்டை சுமந்தவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் என் பெரியப்பா. அவருடைய காதில் மட்டும் மிஞ்சியிருந்த ஓர் ஓசையைப் பற்றியும், அதே 1969 ஆம் ஆண்டில் அகமதாபாத்துக்கு வந்து சேர்ந்த ஓர் ஒலி இயந்திரத்தைப் பற்றியும் இன்று பேசலாமென்று இருக்கிறேன்.

முதலில் ஊர்க்கதை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடித்தான் களனி கங்கையாகின்றன. மலையிலிருந்து இவை விழும் வேகத்தை மின்சாரமாக்கலாம் என்று டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இலேயே ஒரு கட்டுரை படித்தார். அந்தக் கனவு மெல்லத்தான் கைகூடியது. லக்ஸபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ அணை 1965 இல் வந்தது. மவுசாகலை அணை 1969 இல். ஏறத்தாழ 12 கோடி கன மீற்றர் நீரைக் கொள்ளும் இந்தத் தேக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீர், இன்று கெனியன், புதிய லக்ஸபான, பொல்பிட்டிய என ஒவ்வொரு மின்நிலையமாகச் சுழற்றிக்கொண்டு கீழே போகிறது. கொழும்பில் எரிந்த விளக்குகளில் ஒரு பங்கு எங்கள் ஊரை மூழ்கடித்து எடுத்தது. ஆனால் அணைக்கு மேலேயிருந்த லயங்களில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் குப்பி லாம்புதான். வானொலிக்கு உலர் பற்றரி வாங்க முடிந்தவன் வீட்டில்தான் அந்தி நேரத்தில் கூட்டம் கூடும்.

நகரத்தை மேட்டுக்கு மாற்றினார்கள். கோயில்கள் மேலே புதிதாக எழுந்தன. சுவாமி மேலே போய்விட்டார். சுவர்கள் கீழே நின்றன. மனிதர்கள் எல்லோரும் மேலே போகவில்லை. அதைச் சொல்லாமல் மஸ்கெலியாவின் கதையைச் சொல்ல முடியாது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்து எழுதியிருந்தது. பழைய நகரம் மூழ்கிய அதே காலப்பகுதியில்தான் ஆட்களும் பிரியத் தொடங்கினார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன புகைவண்டியை எங்கள் ஆட்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்துவதற்காகவே நீலகிரியில் 1968 இல் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆக, மஸ்கெலியாப் பழைய கடைவீதியின் நினைவு பாதி மஸ்கெலியாவிலும் பாதி கோத்தகிரிப் பக்கமுமாகக் கிடக்கிறது.

நான் பிறந்தபோது பழைய நகரம் நீருக்கடியில் போய்ப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. எனக்கு அது கேள்வி ஞானமே. பெரியப்பாவுக்கோ அப்போது இருபத்திரண்டு வயது. கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் சிப்பந்தி. அவர் பழைய நகரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கடையைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ அதிகம் சொல்ல மாட்டார். சாயங்காலக் கோயில் மணியைப் பற்றித்தான் சொல்லுவார். "அந்த மணி மாதிரி ஒண்ணு இல்லப்பா" என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்ல வார்த்தையில்லாமல் கையை மட்டும் காற்றில் அசைப்பார். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தைப் பாடம் சொல்லும் தமிழாசிரியன் நான். அந்தக் கையசைவுக்கு எனக்கும் சொல் கிடைக்கவில்லை.

இனி அகமதாபாத்துக்கு வருவோம். அங்கே 1961 இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் 1958 இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையே அதற்கு வித்து. நிறுவனத்தை வளர்த்தவர்கள் கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும். அவர்களுடைய சகோதரி கீதா சாராபாய், பெண்கள் தொடத் தயங்கிய பக்கவாஜ் என்னும் மத்தளத்தைக் கற்றவர். 1946 இல் அவர் நியூயோர்க்குக்குப் போய், ஜோன் கேஜ் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார். இவர் அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். அவர் இவருக்கு மேலைநாட்டு இசையின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தார். பணம் கைமாறாத குருகுலம். பிரியும்போது கீதா கேஜுக்குக் கொடுத்த பரிசு இராமகிருஷ்ண பரமஹம்சரின் அமுத மொழிகள் அடங்கிய ஆங்கில நூல். கேஜின் பிற்கால இசையில் மௌனத்துக்குக் கிடைத்த இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சந்திப்பை விட்டுவிடுவதில்லை.

இந்த உறவின் வழியாகத்தான் 1969 இல் டேவிட் டியூடர் அகமதாபாத்துக்கு வந்தார். 1952 இல், பியானோவின் முன் அமர்ந்து ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி இருந்துவிட்டு எழுந்த மனிதர் அவர்தான். அதுவும் கேஜின் படைப்பே. அவர் வந்து நிறுவிய இயந்திரம் மோக் சிந்தசைசர். அதை உருவாக்கிய ரொபேர்ட் மோக்கின் பெயர் ஆங்கில எழுத்தில் 'மூக்' போலத் தோன்றும். 'மோக்' என்றே சொல்ல வேண்டும்.

சிந்தசைசர் என்றதும் கல்யாண வீட்டு இசைக்குழுவில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளோடு கிடக்கும் பெட்டி உங்களுக்கு நினைவு வரலாம். நான் சொல்வது அதன் பாட்டனை. 1964 இல் மோக் அமைத்த இந்தக் கருவி, அலமாரி போன்ற மரச்சட்டத்தில் தனித்தனித் தகடுகளாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு தகடு மின் அலையை உண்டாக்கும். எங்கள் கச்சேரி மேடைகளில் இருக்கும் மின் சுருதிப்பெட்டி ஓயாமல் 'ஸ – ப – ஸ' என்று இரைகிறதே, அது போல. இன்னொரு தகடு அந்த அலையில் வேண்டாத பகுதியை வடித்து எறியும். மூன்றாவது, ஒலியைப் பெருக்கும். நான்காவது, ஒலி எப்படிப் பிறந்து, எப்படித் தணிந்து, எந்த அளவில் நின்று, எப்படி அடங்க வேண்டும் என்பதற்குக் கட்டளை இடும். தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது காற்று எங்கே எழுந்து எங்கெங்கே தடைபட்டு ஒலியாகிறது என்று வரிசைப்படுத்துவாரல்லவா, அதை மின்சாரத்தில் செய்தது போல இருக்கிறது எனக்கு.

இந்தத் தகடுகள் தாமாக ஒன்றோடொன்று பேசா. பழைய தொலைபேசி இணைப்பகத்தில் வயரை எடுத்து ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குச் செருகுவார்களே, அப்படிச் செருகினால்தான் ஒலி பிறக்கும். வயரை மாற்றிச் செருகினால் வேறு ஒலி. மோக் செய்த வசதி, ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்ற ஒழுங்கு. நாடாபோல நீண்ட ஒரு தகட்டின் மேல் விரலை வழுக்கினால் சுரமும் வழுக்கும். கமகம் தெரிந்த காதுக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த இயந்திரத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதற்கு ஞாபகம் கிடையாது. மணிக்கணக்காக வயர் செருகிக் குமிழ்களைத் திருகிக் கண்ட ஒலி, வயர்களைப் பிடுங்கிய மறுகணம் போய்விடும். காகிதத்தில் படம் வரைந்து வைத்துக்கொள்ளலாம். திரும்ப அதே ஒலி வருமென்பதற்கு உத்தரவாதமில்லை. ஒலிப்பதிவு நாடாவில் பிடித்தால் மட்டுமே தங்கும். ஊரும் அப்படித்தானோ என்று நான் நினைப்பதுண்டு. கோயில் இங்கே, பள்ளிவாசல் அங்கே, விகாரை அப்பால், நடுவே கடைவீதி, சுற்றிலும் மலை என்ற இணைப்பில் பிறந்த ஓசையைக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கேட்க முடியுமா?

அகமதாபாத்தில் நாடாவில் பிடித்தார்கள். அதுதான் பெரிய வித்தியாசம். 1969 முதல் 1972 வரை கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார்கள். மாத்தூர் தம்பூரா வாசித்த நினைவையும் பறவைகளையும் இசையாக்கினார். ஜோஷிபுரா என்ற இளைஞர் விண்கலப் பயணத்தைக் கற்பனை செய்தார். தேசாய் ஒஸாக்காவில் 1970 இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் பதிவுகள் செய்தார். பிறகு அந்த முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் உறங்கின. ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின், இலண்டனைச் சேர்ந்த போல் பேர்காஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2020 இல் பி.பி.சி. வானொலியில் இதுபற்றி நிகழ்ச்சி ஒலித்தது. 2023 இல் தொகுப்பு இசைத்தட்டாக வெளிவந்தது. இந்திய மின்னொலி இசையின் தொடக்கத்தை இசை வரலாற்றில் முன்னுக்குத் தள்ளி எழுத வேண்டியதாயிற்று. அலுமாரியில் நாடா இருந்ததால் நடந்த காரியம் இது.

மின்னொலியையும் பழம் இடிபாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒருவர் அதே காலத்தில் இருந்தார். கிரேக்கரான யானிஸ் செனாக்கிஸ். கட்டடக் கலைஞராக இருந்து இசைக்கு வந்தவர். 1971 ஓகஸ்ட்டில் ஈரானின் பெர்சிபொலிஸ் இடிபாடுகளுக்கு நடுவே, தாரியஸ் மன்னன் கட்டிய அந்தத் தலைநகரின் தூண்களிடையே, இருளில் ஒலிபெருக்கிகளை நிறுத்தி, எட்டுத் தடப் பதிவு நாடாவிலிருந்து ஒரு மணித்தியால அளவுக்கு ஒலியைப் பொழிந்தார். மலைச்சரிவில் சிறுவர்கள் தீப்பந்தம் ஏந்தி நடந்தார்கள். நான் அதன் பதிவைக் கேட்டேன். இடி, இரும்பு, மணற்புயல் எல்லாம் சேர்ந்த ஓர் இரைச்சல். மனம் நடுங்கியது உண்மை. ஆனால் பெர்சிபொலிஸ் மக்கள் கேட்ட ஓசை எதுவும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த நகரத்தைக் கேட்ட காதுகள் மண்ணாகி இருபத்து மூன்று நூற்றாண்டுகள் ஆகின்றன. எங்களுக்கோ பெரியப்பாவின் காது இருந்தது.

இந்த யோசனை என்னுடையதன்று. என் அக்காவின் மகனுடையது. கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறான். பழைய மோக் அலமாரியின் கணினிப் பதிப்பு ஒன்றை வைத்திருக்கிறான். திரையிலேயே வயரை இழுத்துச் செருகலாம், குமிழைத் திருகலாம். அசலைத் தொட அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அண்மைய வறட்சியொன்றில் ஊருக்கு வந்தவன், வெளியே தெரிந்த இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, "மாமா, தாத்தா சொல்ற மணிய இதுல செஞ்சு பார்ப்பமா?" என்றான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் விபுலானந்த அடிகளார். காரைதீவில் பிறந்த அடிகளார் விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அடியார்க்கு நல்லார் உரையையும் கையில் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு மீட்டெடுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலை 19 ஆம் திகதி அடிகளார் மறைந்தார். அவர் கணித்த யாழைக் கேட்டு, "இல்லை, நரம்பு இன்னும் சற்றுத் தாழ வேண்டும்" என்று திருத்துவதற்கு ஒரு சங்ககாலப் பாணன் பக்கத்தில் இருந்தால் அடிகளார் என்ன கொடுத்திருக்க மாட்டார்! எங்களுக்கு அந்தப் பாணன் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை மின்சாரம் நின்றது. வறட்சி வந்தால் அணையில் தண்ணீர் குறையும், பழைய நகரம் தெரியும், விளக்கு அணையும். மூன்றும் ஒன்றின் பின் ஒன்றாக வருபவை. மருமகன் கணினியின் பற்றரியில் வேலையைத் தொடங்கினான்.

மணியைச் செய்வது இலேசான காரியமன்று. வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று ஒழுங்கான துணைச்சுரங்கள் பிறக்கும். மணியில் அந்த ஒழுங்கு இல்லை. வெண்கலத்தின் கனம், வாயின் விரிவு, நாக்கு விழும் இடம் எல்லாம் சேர்ந்து ஒன்றோடொன்று கணக்கில் சேராத அதிர்வுகளை எழுப்பும். இதற்குப் பழைய சிந்தசைசரில் ஓர் உபாயம் இருந்தது. இரண்டு ஒலிகளை ஒரு தகட்டில் ஒன்றோடொன்று பெருக்குவது. விநாடிக்கு 300 அதிர்வுள்ள ஒலியையும் 200 அதிர்வுள்ள ஒலியையும் அங்கே விட்டால், இரண்டும் மறைந்து, கூட்டலாகிய 500 உம் கழித்தலாகிய 100 உம் வெளிவரும். அலைகளைச் சற்று முறுக்கி விட்டால் கணக்கில் சேராத சுரங்கள் கூட்டமாக வரும். உலோகம் பேசுவது போலிருக்கும்.

முதல் மணியைக் கேட்ட பெரியப்பா சிரித்துவிட்டார்.

"இது பள்ளிக்கூடத்து மணிப்பா. தட்டுன ஒடனே செத்துப்போவுது."

மருமகன் அடங்கும் நேரத்தை நீட்டினான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒன்று "குச்சி ஐஸ்காரன் மணி". இன்னொன்று "தண்டவாளத்துல அடிச்ச மாதிரி". எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. மருமகனுக்குத் தட்டவில்லை. ஏழாவதோ எட்டாவதோ வந்தபோது பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல உறுமணும் தம்பி. அப்புறந்தான் பாடணும்."

இத்தனை ஆண்டுகள் கையசைவாக இருந்தது அன்றுதான் சொல்லாயிற்று. மருமகன் தாழ்ந்த ஒலியைத் தனியே பிரித்து அதன் எழுச்சியை முன்னுக்குக் கொண்டுவந்தான். உயர்ந்த ஒலிகளைச் சற்றுப் பிந்தி எழவும் விரைவில் அடங்கவும் விட்டான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"கிட்டத்துல வந்திருச்சு. ஆனா மலையக் காணோமே."

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மணியோசை எதிர்மலையில் மோதித் திரும்பி வந்ததைச் சேர்த்துத்தான் அவர் 'மணி' என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எதிரொலியைக் கணினியில் உண்டாக்கலாம். எத்தனை விநாடி கழித்து என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல ஓரிடத்தால் மட்டுமே முடியும். கோயில் இன்னும் நாலைந்து நாள்களுக்காவது தண்ணீருக்கு வெளியே இருக்கும் போலத் தெரிந்தது.

மறுநாள் காலை பனி விலகியதும் மூவரும் இறங்கினோம். போக நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும் சேற்றை நம்பக்கூடாது. அடியில் ஈரம். என் ஒரு செருப்பை மவுசாகலைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பெரியப்பா ஊன்றுகோலால் குத்திக் குத்திப் பார்த்து, எங்கள் இருவரையும்விட வேகமாக நடந்தார். நான் வெறும் மண்மேடாகக் கண்ட இடங்களை அவர் கடைகளாகக் கண்டார். இது இன்னாருடைய சில்லறைக்கடை, இது சாப்பாட்டுக்கடை, இங்கே நின்றுதான் பஸ் திரும்பும் என்று சொல்லிக்கொண்டே போனார். கோயில் வாசல் வந்ததும் சேறு அப்பிய செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே சுவாமி இல்லை. கூரை இல்லை. வண்டல் படிந்த தரையும் பாசி பிடித்த தூண்களுமே. ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டு, மணி தொங்கிய இடத்தைக் கோலால் காட்டினார்.

அங்கே வெடி கொளுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. சற்றுத் தள்ளிப் போய், மருமகன் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு ஒரு வெடியைக் கொளுத்தினான். கொக்குகள் எழுந்தன. பிறகு, எதிர்மலையிலிருந்து மெல்லிய ஒரு திரும்பல் வந்தது. ஐந்து முறை செய்து பார்த்தோம். ஏறத்தாழ இரண்டு விநாடி. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். போய்த் திரும்பும் கணக்கைப் பார்த்தால் எதிர்மலை 340 மீற்றர் தூரத்தில் நின்று பேசுகிறது என்று அர்த்தம். "அப்ப இத விட நல்லாக் கேக்கும்" என்றார் பெரியப்பா. நீரில்லாமல் ஆழமாகக் கிடந்த அந்தக் காலப் பள்ளத்தாக்கில் இப்போது எத்தனை அடி வண்டல் நிறைந்திருக்கிறதோ!

அன்றிரவு மின்சாரம் வந்தது. இரண்டு விநாடி கழித்து மலை பேசும்படி மருமகன் அமைத்தான். பெரியப்பா கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை போட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை.

காலையில் அவரே வந்து, "இத கோத்தகிரிக்கு அனுப்பு" என்றார். அவரோடு ஒரே கடைவீதியில் வேலை செய்து, பின்பு ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப்போன கூட்டாளி ஒருவர் கோத்தகிரிப் பக்கம் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கைபேசியில் ஒலியை அனுப்பிவிட்டு அழைத்தோம். கிழவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, தயங்காமல் சொன்னார்.

"இல்ல, இது நம்ம மணி இல்ல. அது கணீர்னு வெட்டும். இப்பிடி அடித்தொண்டையில பேசாது."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருந்த சொத்தை ஒருவன் கள்ள நோட்டு என்றால் வராதா? இருவரும் கடல் தாண்டிச் சண்டை போட்டார்கள். மருமகன்தான் இடையில் புகுந்து, "தாத்தா, நீங்க எங்க தங்கியிருந்தீங்க?" என்று அவரைக் கேட்டான். கோயிலுக்கு அடுத்த சந்தில், பூக்கடைக்குப் பின்னால் என்றார். பெரியப்பாவின் புடவைக்கடையோ வீதியின் மறுகோடி. வழக்கு அதோடு தீர்ந்தது. மணியின் கூரிய ஒலிகள் காற்றிலும் சுவர்களிலும் விரைவில் தேய்ந்துவிடும். தாழ்ந்த ஒலி தூரம் போகும். பக்கத்தில் இருந்தவருக்கு வெட்டு, தூரத்தில் இருந்தவருக்கு உறுமல். அவர் காதிலே மணி, இவர் காதிலே மணியும் மலையும்.

மருமகன் இரண்டையும் தனித்தனியே அமைத்து, ஒன்றுக்குப் 'பூக்கடைச் சந்து' என்றும் மற்றதற்குப் 'புடவைக்கடை' என்றும் பெயரிட்டுச் சேமித்தான். வயர்களை எங்கெங்கே செருகினான் என்ற படத்தையும் கூடவே வைத்தான். அந்த இணைப்பு, அவன் செய்தது போல எழுதிவைக்கப்பட்டால், வேறொருவன் திரும்பச் செருகலாம். முதலாவது கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை அங்கிருந்து அழைப்பு வந்தது. கிழவர் மணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சரியாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"மணி முடியிறதுக்குள்ள பள்ளிவாசல்ல பாங்கு எடுத்துருமே, அத எங்க காணோம்?" என்றார்.

பெரியப்பா கைபேசியை மருமகனிடம் நீட்டினார். வைகாசியில் மழை தொடங்கிவிட்டது. கோயிலின் தூண் உச்சிகளும் மறைந்துவிட்டன. பழைய பள்ளிவாசலில் பாங்கு சொன்னவரின் குடும்பம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.